கொரங்காட்டு ஆட்டுக்குப் புழு கிடையாதா?

(கொரங்காடு என்றால் எங்கள் கொங்குப் பக்கத்தில் வேலி போட்டு வைத்திருக்கும் வறண்ட மேய்ச்சல் நிலம்.) மூலனூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டது: "எங்களுது முழுக்கக் கொரங்காட்டு மேய்ச்சல்ங்க. சித்திரையில பத்து ஆட்டுப் புழுக்கையை ஒன்னாக் கலந்து பரிசோதனைக்குக் கொடுத்தேன். முட்டை இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. வறண்ட காட்டு ஆட்டுக்குப் பூச்சி வராதுங்கறது என் கணக்கு. அப்புறம் எதுக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா மருந்து ஊத்தோணும்?"

14 அக்டோபர் 2023

எல்லா ஆட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டாம் என்பதில் நான் உங்கள் கட்சி. அதற்குச் சொன்ன காரணம்தான் தப்பு. 'பட்டியில் புழு இல்லை' என்று அந்தச் சீட்டு சொல்லவே இல்லை. 'நீங்கள் கொடுத்த உருண்டையில் முட்டை தென்படவில்லை' என்கிறது, அவ்வளவுதான்.

பத்து ஆட்டில் ஒன்றுக்கு மட்டும் ஒரு கிராம் புழுக்கைக்கு 300 முட்டை இருக்கிறது, மற்ற ஒன்பதும் சுத்தம் என்று வையுங்கள். கலந்தால் கிராமுக்கு 30. முட்டை எண்ணுவதற்கென்றே அறையும் கோடும் போட்ட கண்ணாடியான மெக்மாஸ்டர் ஸ்லைடில் ஒரு முட்டை கண்ணில் பட்டாலே அதை 50 என்று எழுதுவோம். அப்படியிருக்க 30 இருந்தால் பாதிக்கு மேற்பட்ட தடவை சுழிதான் வரும். பால் சொசைட்டியில் பத்து வீட்டுப் பாலைக் கலந்தபின் யார் தண்ணீர் ஊற்றினார் என்று கேட்கிற கதை.

அப்புறம், சித்திரை. நம் ஊரில் அதிகம் தொந்தரவு செய்கிறது ஹீமாங்கஸ். ரத்தம் குடிக்கும் உருளைப்புழு, நாலாவது வயிற்றில் குடியிருப்பது. முட்டையிலிருந்து வரும் இளம்புழு ஈரம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றுகிற பருவத்துக்கு வந்து புல்லில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கோடையில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து தரை சுடும்போது வெளியே இருப்பது செத்துப்போகும். உள்ளே போனது வயிற்றுச் சவ்வுக்குள் இளம்புழுவாகவே ஒடுங்கிக் கிடக்கும். முட்டை போடாது. அந்த நேரத்தில் பரிசோதித்தால் எந்தப் பட்டியும் யோக்கியமாகத்தான் தெரியும். ஐப்பசி மழையில் கேளுங்கள்.

இன்னொன்று. புழுக்கையை எடுத்த அன்றே கொடுத்தீர்களா? வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் ஒருநாள் கிடந்தால் முட்டை பொரிந்துவிடும். பொரிந்ததை ஸ்லைடில் எண்ண முடியாது.

குண்டடம் சந்தைக்கு நேரமாகிறது. மீதி அப்புறம்.

15 அக்டோபர்

நேற்று சொல்ல விட்டது. கலக்காமல் பத்து ஆட்டுக்குத் தனித்தனியாகப் பார்த்தாலும் தப்பலாம். ஐந்தில் ஒரு ஆட்டுக்குத் தொற்று உள்ள பட்டியில் கைக்கு வந்த பத்தைப் பிடித்தால், பத்துமே நல்ல ஆடாக அமைய நூற்றுக்குப் பதினொரு தடவை வாய்ப்பு உண்டு. 0.8ஐ பத்து தடவை பெருக்கினால் வருகிற கணக்கு.

(மாலையில் சேர்த்தது: மகள் இதைப் பார்த்துவிட்டு, "பிடிச்ச ஆட்டைத் திரும்பப் பட்டிக்குள்ள விட்டுட்டா மறுபடி பிடிப்பீங்க? கணக்கு தப்புங்கப்பா" என்கிறாள். 42 ஆடு, அதில் 8க்குத் தொற்று என்றால் பதினொன்று அல்ல, ஒன்பது. சரி, ஒன்பது. ஆனால் 'கைக்கு வந்த ஆடு' என்பதிலேயே கோளாறு இருக்கிறது. கைக்கு முதலில் வருவது ஓட முடியாத ஆடு.)

19 அக்டோபர்

சும்மா பேசாமல் என் பட்டியிலேயே எண்ணிப் பார்த்துவிட்டேன். ஊதியூருக்குப் பக்கம், கிளுவை வேலி போட்ட நாலு காடு, வெள்ளாடு 42. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மைக்ராஸ்கோப் சொந்தமாக வைத்திருக்கிறேன், மெக்மாஸ்டர் ஸ்லைடு விலைக்கு வாங்கினது.

செய்முறை கேட்டிருந்தீர்கள். பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு ஆசனவாயிலிருந்தே புழுக்கை எடுப்பது நல்லது. தரையில் பொறுக்கினால் எது எந்த ஆட்டுடையது என்று தெரியாது, மண்ணில் வாழும் புழுவும் சேர்ந்துவரும். இரண்டு கிராம் நிறுத்து, கல்லுப்பு கரைத்த தண்ணீரில் நசுக்கிக் கரைத்து, டீ வடிகட்டியில் வடித்து, ஸ்லைடின் இரண்டு அறையிலும் நிரப்பி ஐந்து நிமிடம் விடுகிறேன். முட்டை மேலே மிதந்து கண்ணாடியை ஒட்டிக்கொள்ளும். கோட்டுக்குள் இருப்பதை மட்டும் எண்ணி 50ஆல் பெருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் பதம்: கோழிமுட்டை மிதந்தால் போதும்.

டீ வடிகட்டி புதிது வாங்கினேன். பழையதைத் தொட்டபோது, "ஏனுங்க, அதுல நாளைக்கு நீங்கதான் டீ குடிக்கோணும்" என்று ஒரு குரல் வந்தது.

பெரிய ஆடு 22ஐயும் மூன்று நாளில் முடித்தேன். 15க்கு முட்டை இருந்தது, 7க்கு இல்லை. நூற்றுக்கு 68. மூலனூர்க்காரரே, இதுவும் கொரங்காடுதான்.

ஆனால் அந்த 68ஐப் பிடித்துக்கொண்டு பயப்படாதீர்கள். ஆடு ஆடாகப் பார்த்தால் வேறு கதை. மூலைக்கொம்பிக்கு 2,200. கருவாச்சிக்கு 1,900. சுட்டிக்கு 1,650. அடுத்து ஒரு 900, ஒரு 600. மீதிப் பத்துக்கும் சேர்த்தே 2,050தான். மொத்தம் 9,300ல் இந்த ஐந்து ஆடு மட்டும் 7,250. பட்டியில் விழுகிற முட்டை பத்தில் எட்டு பங்கு ஐந்து ஆட்டிலிருந்து வருகிறது. மூலைக்கொம்பி நன்றாகத்தான் மேய்கிறாள், அதுதான் ஆச்சரியம்.

20 அக்டோபர்

கோழிமுட்டைப் பதம் தப்பு. எங்கள் அப்பத்தா ஊறுகாய்க்கு உப்புப் பார்த்த முறை அது, புழு முட்டைக்கு ஒத்துவராது. கொஞ்சம் உப்பு போட்டாலே கோழிமுட்டை மிதந்துவிடும். இதற்கு உப்பு இனிமேல் கரையாது என்று அடியில் தங்கும்வரை போட வேண்டும். லிட்டருக்கு 400 கிராம் போட்டால் சரியாக வரும். நல்லவேளையாக நான் அப்படித்தான் போட்டிருந்தேன். எழுதும்போதுதான் அப்பத்தா குறுக்கே வந்துவிட்டார்.

22 அக்டோபர்

ஒருவர் கேட்டிருந்தார், முட்டையைப் பார்த்தே ஹீமாங்கஸ் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று. சொல்ல முடியாது. நியாயமான கேள்வி. வயிற்று உருளைப்புழு வகை பலதுக்கும் முட்டை ஒரே சாயல்: நீள்வட்டம், உள்ளே திராட்சைக் கொத்து மாதிரி. நாடாப்புழு முட்டை முக்கோணமாகவோ சதுரமாகவோ இருக்கும், குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் உண்டாக்கும் காக்சிடியா மிகச் சின்னது. அவற்றைப் பிரித்துவிடலாம். உருளைப்புழுக்குள் எது என்று அறிய, புழுக்கையை ஒரு வாரம் ஈரத்தில் வைத்து இளம்புழுவாக வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு நாமக்கல் கால்நடைக் கல்லூரி மாதிரி இடம்தான் சரி.

எனக்குத் தெரிந்த குறுக்குவழி கறிக்கடை. இன்று ஞாயிறு. விடியக் காலையில் போய், "நாலாவது வயித்தைக் கொஞ்சம் எனக்கு முன்னால கிழிங்க" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார், கிழித்தார். உள்பக்கம் மடிப்புகளில் நூல் மாதிரி நெளிந்தது. பெண் புழு முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் வரும். ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளைக் கருப்பை முறுக்கிக்கொண்டு, சிவப்பும் வெள்ளையும் திரித்த கயிறு. "இது மழைக்காலத்துல எல்லா ஆட்டுலயும் கெடக்குமுங்க. வருசம் பூரா கழுவி ஊத்தறனே" என்றார். அவரிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்திருந்தால் நம் மாவட்டத்துக்கே கணக்கு கிடைத்திருக்கும்.

ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு என்றால் 50 மில்லி. ஒரு பெண் புழு நாளைக்கு 5,000 முதல் 10,000 முட்டை.

மருந்தும் இன்றைக்கே ஊற்றினேன். ஃபென்பெண்டசோல், முட்டை இருந்தவற்றில் பத்து ஆட்டுக்கு மட்டும். அந்தப் பத்தின் சராசரி 855. பதினாலு நாள் கழித்து மறுபடி எண்ண வேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்று அறிய வேறு வழியில்லை.

28 அக்டோபர்

மைக்ராஸ்கோப் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று மூன்று பேர். கண்ணைப் பாருங்கள். கீழ் இமையை இழுத்து உள்சவ்வின் நிறம் பார்ப்பது. தென்னாப்பிரிக்காவில் இதற்கு ஐந்து நிற அட்டை செய்தார்கள். ஃபஃபா மாலன் என்று கூப்பிடப்பட்ட மருத்துவர் பெயரின் எழுத்துகளோடு அட்டையைக் குறிக்கும் 'சார்ட்' என்பதையும் சேர்த்து ஃபமாச்சா என்று பெயர். 1 நல்ல சிவப்பு, 5 வெள்ளைக் காகிதம். 4ம் 5ம் உடனே மருந்து, 3 யோசிக்க வேண்டியது, 1ம் 2ம் விட்டுவிடலாம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெயில் வெளிச்சத்தில். கொட்டத்துக்குள் டியூப்லைட்டில் பார்த்தால் எல்லா ஆடும் சோகைதான். அட்டையைக் கலர் ஜெராக்ஸ் எடுக்காதீர்கள், நிறம் மாறிவிடும்.

என் 22ல் 4 வந்தது இரண்டு: சுட்டி, அப்புறம் வெறும் 150 முட்டை போட்ட வெள்ளச்சி. மூலைக்கொம்பிக்கு 2,200 இருந்தும் கண் 3. புழுவைத் தாங்கிக்கொள்கிற ஆடு. தனக்கு ஒன்றும் ஆகாமல் காட்டுக்கெல்லாம் விதைத்துக்கொண்டிருக்கிறாள். இதை இமை காட்டிக்கொடுக்காது.

வெள்ளச்சி? மயிரைப் பிரித்துப் பார்த்தேன். பேன். கன்னாபின்னாவென்று பேன். கண் வெளுப்புக்கெல்லாம் வயிற்றுப்புழுவையே குற்றம் சொன்னால் இப்படி.

5 நவம்பர்

பதினாலு நாள் ஆயிற்று. அதே பத்து ஆடு. 855 இருந்த சராசரி 340. குறைந்தது நூற்றுக்கு 60. நல்ல மருந்தென்றால் 95க்கு மேல் குறைய வேண்டும். புழு மருந்துக்குப் பழகிவிட்டது. இந்த வகை மருந்துக்குப் புழு பழகிப்போவது தமிழ்நாட்டிலும் பல காலமாகக் கண்ட விஷயம்தான். என் பட்டியில் வராது என்று நினைத்திருந்தேன், மூலனூர்க்காரர் புழு வராது என்று நினைத்த மாதிரியே.

6 நவம்பர்

தூக்கம் வரவில்லை. நேற்று தீர்ப்பை அவசரமாக எழுதிவிட்டேன். புழு பழகியதா, நான் குறைவாக ஊற்றினேனா? எடை போடாமல் கண் மதிப்பில் 'இருபது கிலோ இருக்கும்' என்று ஊற்றினேன். டாக்டரிடம் போனில் கேட்டேன், இரண்டாவது ஓட்டையைக் காட்டினார்: மருந்து பாட்டிலில் போட்டிருப்பது செம்மறி அளவு. வெள்ளாட்டின் ஈரல் மருந்தை வேகமாகக் கரைத்துத் தள்ளிவிடும், அதனால் இந்த வகை மருந்து அதற்குக் கூடுதலாக வேண்டுமாம். முப்பது வருசமாகச் செம்மறி அளவில் வெள்ளாட்டுக்கு ஊற்றியிருக்கிறோம். அரைகுறை மருந்தில் தப்பிப் பிழைத்த புழுவாகப் பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறோம்.

சாக்கில் தூக்கித் தொங்கு தராசில் நிறுத்தேன். இருபது என்று நினைத்த கருவாச்சி 27 கிலோ. டாக்டர் சொன்ன அளவில் அதே பத்துக்கும் மறுபடி ஊற்றியாகிவிட்டது.

(சினை ஆடு வைத்திருப்பவர்கள் கவனிக்க: இதே வகை மருந்தான அல்பெண்டசோல் சினை பிடித்த ஆரம்பத்தில் ஆகாது.)

13 நவம்பர்

தீபாவளிக்கு அறச்சலூர்ப் பக்கம் மாமனார் வீடு. கீழ்பவானி வாய்க்கால் ஓரம், கசிவுத் தண்ணீரில் எந்நேரமும் பச்சை. மச்சான் ஆடு இரண்டுக்குக் கீழ்த்தாடை வீங்கித் தொங்குது. "காலையில வத்திருது, சாயங்காலம் வந்து நிக்குதுங்க மாமா, யாரோ கண்ணு வெச்சுட்டாங்க" என்றார். நாள் முழுக்கத் தலை குனிந்து மேய்ந்தால் நீர் தாடையில் இறங்கும், ராத்திரி தலை நிமிர்ந்து படுத்தால் வடியும். ரத்தத்தில் சத்து வற்றிப்போனதன் அடையாளம் அது. இமை இரண்டுக்கும் வெள்ளை.

பலகாரப் பெட்டியோடு புழுக்கையும் கொண்டுவந்தேன். உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டால் ஒரே ஒரு முட்டை. நம்பவே முடியவில்லை. அப்புறம்தான் உறைத்தது: தட்டைப்புழு முட்டை கனமானது, மிதக்காது, அடியில் தங்கும். வெறும் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு மேல் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊற்றித் தெளியவிட்டு, அடி வண்டலில் பார்த்தேன். பெரிய மஞ்சள் நிற முட்டை, ஈரல் தட்டைப்புழு. கூடவே அதே அளவில் நிறமில்லாதது, அது அசையூன் வயிற்றுத் (முதல் வயிறு) தட்டைப்புழு. இரண்டும் நத்தை வழியாக வருவது. வாய்க்கால் ஓரத்தில் நத்தைக்கா பஞ்சம்?

நாம் கொரங்காட்டில் பேசியதெல்லாம் அங்கே செல்லாது. நான் கையில் வைத்திருந்த மருந்தும்தான். மச்சானை டாக்டரிடம் அனுப்பினேன்.

20 நவம்பர்

340 இருந்தது 100. குறைவு 71. எடை சரி, அளவு சரி, இருந்தும் 71. ஆக நான் முதலில் எழுதிய தீர்ப்பே சரி. ஆனால் அன்றைக்கு அதற்கு ஆதாரம் இல்லை.

26 நவம்பர்

பெரிய தவறு ஒன்று. மறைக்கப் போவதில்லை.

பெருந்துறை வாசகர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "இரண்டு கிராமை எத்தனை மில்லியில் கரைக்கிறீங்க?" என் ஜாடியில் 60 மில்லிக் கோடு வரை. 50ஆல் பெருக்குவது 30 மில்லிக்குத்தான். ஸ்லைடின் இரண்டு அறையும் சேர்ந்து 0.3 மில்லி. 30 மில்லியில் அது நூறில் ஒரு பங்கு, இரண்டு கிராமால் வகுத்தால் 50. 60 மில்லி என்றால் 100ஆல் பெருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் இப்படிச் செய்தால் முட்டை மார்க் போடுவார் வாத்தியார்.

ஆக நான் எழுதிய எண்ணையெல்லாம் இரண்டு மடங்காக்க வேண்டும். மூலைக்கொம்பி 2,200 அல்ல, 4,400. 60ம் 71ம் மாறாது, மேலேயும் கீழேயும் ஒரே தப்பு. ஐந்து ஆட்டுக் கணக்கும் அப்படியே நிற்கும். மாட்டிக்கொள்வது 68தான். ஒரு முட்டை தெரிந்தாலே 100 என்றால், கிராமுக்கு 40, 50 இருந்த ஆட்டையெல்லாம் 'இல்லை'யில் போட்டிருப்பேன்.

27 நவம்பர்

"வாத்தியாருக்கே டியூசனா?" என்று எழுதியவருக்கு: வாத்தியார் அல்ல, ஆய்வக உதவியாளர். ஜாடி கழுவுகிறவனுக்கே ஜாடி தெரியவில்லை என்று கேலி செய்யுங்கள், அது சரியாக இருக்கும்.

3 டிசம்பர்

அந்த ஏழு 'இல்லை' ஆட்டையும் 30 மில்லியில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்லைடு போட்டு மறுபடி பார்த்தேன். மூன்றுக்கு முட்டை இருந்தது. 22ல் 15 என்றது 18 ஆயிற்று. 68 போய் 82. ஆறு வாரம் மழையில் மேய்ந்திருக்கின்றன, புதிதாகவும் தொற்றியிருக்கலாம். பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. இனி யாராவது 'எங்கள் பகுதியில் இத்தனை சதவீதம்' என்றால், எந்த மாதம், எந்த ஜாடி என்று கேட்பேன்.

வேப்பிலை கொடுத்தால் புழு போகுமா என்று கேட்டவருக்கு: பத்து நாள் கொழுந்து கொடுத்தேன், மூன்று ஆட்டுக்கு. எண்ணிக்கை அசையவில்லை. ஆடு மட்டும் என்னைக் கண்டால் ஓடுகிறது.

24 டிசம்பர்

எல்லாவற்றுக்கும் புது மருந்து ஊற்றிவிடலாமே என்று வீட்டிலேயே கேட்டார்கள். வேண்டாம் என்றேன். எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சும், காடு முழுக்க அதன் வாரிசுதான். நல்ல ஆடுகளில் கொஞ்சம் மருந்து படாத புழு இருக்கட்டும், அதோடு கலந்து வீரியம் நீர்த்துப்போகட்டும். புழுவைக் காப்பாற்றி வைக்கிற யோசனை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நீ ஆடு வளக்கறயா பூச்சி வளக்கறயா சாமி" என்கிறார்.

நாலு ஆட்டுக்கு மட்டும், கண் வெளுத்ததும் எண்ணிக்கை எகிறினதும் பார்த்து, டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லெவமிசோல் ஊற்றினேன், வேறு வகைப் புழு மருந்து. இது அளவு மிஞ்சினால் எச்சில் வடித்து நடுங்கும், கண் மதிப்பில் விளையாடக் கூடாது. நாலின் சராசரி 1,250 (60 மில்லி, 100ஆல் பெருக்கியது, போதுமா பெருந்துறைக்காரரே).

அப்புறம், பட்டியை எட்டரை மணிக்கு முன் திறப்பதில்லை. பனி ஈரம் காய்ந்தால் இளம்புழு புல் அடிக்கு இறங்கிவிடும். வெள்வேலும் கிளுவையும் எட்டிக் கடிக்கிற ஆட்டுக்கு அது எட்டாது, தரையோடு புல்லை ஒட்ட மேய்கிற ஆட்டுக்குத்தான் ஆபத்து. வெள்ளாடு கொரங்காட்டில் ஓரளவு தப்பிப்பது இதனால். மூலனூர்க்காரர் சொன்னதில் இருந்த உண்மை இதுதான், அவருக்கு அதை அன்றைக்கே ஒப்புக்கொண்டிருக்கலாம்.

7 ஜனவரி 2024

நாலு ஆட்டிலும் சேர்த்து ஒரே ஒரு முட்டை. சராசரி 25. குறைவு 98. நாலு ஆட்டை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்று நவம்பரில் கற்றுக்கொண்டேன், எழுதவில்லை.

16 ஜனவரி

பட்டிப் பொங்கல். வழக்கம்போல் பட்டியில் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டி ஆட்டை மிதிக்க விட்டால், முதலில் மிதித்தது மூலைக்கொம்பி. போன வாரம் அவளுக்கு முட்டை எண்ணிக்கை சுழி. கண் இன்னும் 3தான். புழு போனாலும் ரத்தம் ஊற நாளாகும்.

மூலனூர்க்காரர் மார்கழியில் வந்து என் ஸ்லைடை வாங்கிப்போய், 12 ஆட்டுக்குத் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார். ஏழுக்கு முட்டை. ஒன்றுக்கு 2,800. "ஜாடி 60 மில்லிங்க, நூறால பெருக்கிட்டேன்" என்று தானாகவே சொன்னார். இருந்தாலும் அந்த 2,800 ஆடு சந்தையில் வாங்கினது, காட்டு ஆடு இல்லை என்று வாதம். வாங்கி எத்தனை நாள் என்றேன். இரண்டு வருசமாம்.

ஸ்லைடு இன்னும் திரும்பி வரவில்லை. வந்தால் மாசியில் எண்ணுவேன்.